கொல்லை அடுப்புக்குப் புகைக்கூண்டும் கொட்டகையும்



இந்த மாதத் தொழில் பாடம் அடுப்பைப் பற்றியது. வீட்டுக்குள் இருக்கும் கேஸ் அடுப்பு அல்ல, கொல்லையில் இருக்கும் செங்கல் அடுப்பு. 2007-இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. வீட்டுக்குள் விறகு எரிப்பது குறைந்துவிட்டது. ஆனால் நெல் அவிக்க, அண்டாவில் வெந்நீர் போட, குழுவாகச் சேர்ந்து முறுக்கும் அதிரசமும் சுட நம்ம ஜெயமங்கலத்தில் இன்னும் கொல்லை அடுப்புதான். சிலிண்டர் விலைக்கு அஞ்சி அதைவிட முடியவில்லை. தென்னை மட்டையும் கருவேல விறகும் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது.

தீபாவளிக்கு ஆர்டர் எடுத்தால் காலை முதல் சாயந்தரம் வரை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். கண் எரிகிறது, இருமல் வருகிறது. "வெட்டவெளிதானே, புகை போயிரும்" என்று சொல்லிக்கொள்கிறோம். போகத்தான் செய்கிறது, நம் மூக்கு வழியாகப் போகிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதில் 2 லட்சத்துக்கும் மேல் 5 வயது நிரம்பாத பிள்ளைகள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு முறுக்கு பிழிகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

புகைக்கூண்டு நமக்குப் புதுசு இல்லை. 1940-களிலேயே வார்தாவில், காந்தியடிகளின் கிராமத் தொழில் சங்கம் இருந்த மகன்வாடியில், புகைக்கூண்டு வைத்த 'மகன் அடுப்பு' வந்துவிட்டது. அந்தச் சங்கத்தை நடத்தியவர் நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கடைசிக் காலத்தில் அவர் தங்கியது மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி. 1950-களில் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி.ராஜு என்பவர் ஏழைகளுக்கான புகையில்லா அடுப்பு ஒன்றை அமைத்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிறகு 1983-இல் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. 2002-இல் அந்தத் திட்டம் முடிவதற்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் அடுப்புகள் கட்டப்பட்டன.

அத்தனை அடுப்பும் எங்கே போயிற்று? பெரியவர்களைக் கேளுங்கள். "ஆமா, ஒண்ணு வச்சுக் குடுத்தாங்க. ஒரு வருசம் நல்லா இருந்துச்சு, அப்புறம் புகை உள்ளேயே வந்துச்சு, இடிச்சுப் போட்டோம்" என்பார்கள். இதே கதையை ஒடிசாவில் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களில், புகைக்கூண்டு வைத்த மண் அடுப்பைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2019-இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் இன்னும் இருவரும் செய்த ஆய்வு இது, 2016-இல் வெளியானது. முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு வித்தியாசமே இல்லை. அடுப்பைப் பழுது பார்க்கவில்லை, நாளாக நாளாக அதில் சமைப்பதும் குறைந்துவிட்டது.

பெண்கள் சோம்பல்பட்டதுதான் காரணம் என்று சிலர் பேசுவார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். சுத்தம் செய்யக் கூரை மேல் ஏற வேண்டும் என்றால், அதற்கு ஒரு ஆம்பளையைக் கெஞ்ச வேண்டும் என்றால், எந்த வீட்டிலும் அது நடக்காது. ஆகவே இந்தப் பாடத்தில் எல்லா அளவையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் சொல்லப் போகிறோம்: தரையில் நின்றபடி, ஒரு பெண் தனியாக, அரைமணி நேரத்தில் இந்தப் புகைக்கூண்டைத் துடைக்க முடியுமா?

இடம் பார்ப்பது

நம்ம பக்கம் காற்று எப்படி என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து அடிக்கிற காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று அடுப்பு வாயில் நேராகப் புகுந்தால் தீ வெளியே நாக்கு நீட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும். இந்த ரெண்டையும் மனதில் வைத்துத்தான் கொட்டகை போட வேண்டும்.

எங்கள் யோசனை இது. 10 அடி நீளம், 8 அடி அகலம் போதும். மேற்கே கூரை வரைக்கும் முழுச் சுவர். அடுப்பு கிழக்குச் சுவரை ஒட்டி, அதன் வாய் மேற்கைப் பார்த்து. அப்போது அடுப்புக்கு முன் உட்காருகிறவர் கிழக்கு பார்த்து உட்காருவார், நம் வழக்கத்துக்கும் அது ஒத்துப்போகும். வடக்கே இடுப்பளவு சுவர், அதற்கு மேல் தாழ்ந்த இறவாரம், மழைச் சாரலுக்கு. தெற்கு முழுக்கத் திறப்பு. அடுப்பு வாய்க்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் குறைந்தது 5 அடி இருக்கட்டும். எண்ணெய் பொங்கினால் சட்டென்று எழுந்து ஓட இடம் வேண்டும்.

புகைக்கூண்டு கொட்டகைக்கு உள்ளே வேண்டாம். கிழக்குச் சுவருக்கு வெளியே, சுவரை ஒட்டி நிற்கட்டும். கூரையில் ஓட்டை போட வேண்டியதில்லை, அதனால் ஒழுக்கும் இல்லை. கரி தட்டும்போது பலகாரத்தில் விழாது. மேல்காற்று புகையைக் கொட்டகையை விட்டு அப்பால் தள்ளும். ஒரு குறை உண்டு. வெளியே நிற்கிற கூண்டு காலையில் குளிர்ந்து கிடக்கும், முதல் பத்து நிமிடம் இழுக்காமல் முரண்டு பிடிக்கும். அதற்கு வழி பின்னால் சொல்கிறோம்.

கிழக்கே யார் வீடு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். புகை மாயமாக மறைவதில்லை, இடம் மாறுகிறது. பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்ட துணியில் கரி விழுந்தால் சங்கக் கூட்டத்தில்தான் அது வெடிக்கும். வைக்கோல் படப்பும் ஓலைக் கூரையும் 30 அடிக்குள் இருக்கக் கூடாது. தென்னை மரத்துக்குக் கீழேயும் கரண்ட் கம்பிக்குக் கீழேயும் வேண்டவே வேண்டாம்.

அடுப்பும் வாயும்

அடுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அது உங்களுக்கே தெரியும். ரெண்டு விஷயம் மட்டும். வாய் 12 அங்குல அகலம், 10 அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். பெரிய வாய் வைத்தால் நிறைய விறகு திணிக்கலாம், ஆனால் குளிர்ந்த காற்றும் நிறைய உள்ளே போய்க் கூண்டை ஆறவைத்துவிடும். வாய்க்கு மேலே தாங்க பழைய லாரி பட்டைத் துண்டு ரெண்டு போதும். அடுத்தது, சட்டியின் விளிம்பு அடுப்பின் மேல்வளையத்தில் நன்றாகப் பதிய வேண்டும், சுற்றி மண் பூசி அடைக்க வேண்டும். புகைக்குக் கூண்டைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கவாட்டில் தீ எழும்பாமல் இருப்பதும் இதனால்தான்.

புகை வெளியேறும் துளை அடுப்பின் பின்பக்கம், சட்டி விளிம்புக்குச் சற்றுக் கீழே, 5 அங்குலச் சதுரமாக இருக்கட்டும். அடியில் வைத்தால் சூடு சட்டியைத் தொடாமலே ஓடிவிடும்.

தீ படுகிற இடத்தில் சிமெண்டு வேண்டாம். அந்தச் சூட்டில் சிமெண்டு வலுவிழந்து உதிரும். களிமண் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு என்று ஆரம்பியுங்கள். எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள், கையில் உதிர்ந்தால் களிமண் கூட்டுங்கள்.

கூண்டு எழுப்புவது

கூண்டின் உள்துளை எவ்வளவு? அடுப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது கொத்தனார்களின் பழைய கணக்கு. நம் வாய் 12க்கு 10, அதாவது 120 சதுர அங்குலம். பத்தில் ஒன்று 12. நாலு செங்கலைக் காற்றாடி போல ஒன்றின் முனையை ஒன்று தொட வைத்துப் பாருங்கள். 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம் உள்ள நம்ம ஊர்ச் செங்கலில், நடுவில் நாலரை அங்குலச் சதுரத் துளை தானாகவே கிடைக்கும். அது சுமார் 20 சதுர அங்குலம். தேவைக்கு மேலேயே இருக்கிறது, உள்ளே கொஞ்சம் கரி படிந்தாலும் தாங்கும். ஒரு கல்லைக்கூட உடைக்க வேண்டாம். முதல் வரிசை வலம் சுற்றினால் அடுத்த வரிசை இடம் சுற்றட்டும், அப்போதுதான் இணைப்பு மேல் இணைப்பு வராது.

உயரம் எவ்வளவு என்றால், பக்கத்துக் கூரையிலிருந்து 3 அடி மேலே போக வேண்டும். 10 அடி சுற்றளவில் அதைவிட உயரமாக ஏதாவது இருந்தால் அதையும் 2 அடி தாண்ட வேண்டும். கூரை 8 அடி என்றால் கூண்டு 11 அடி. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். ஏறுகிற தூரம் கூடினால் இழுப்பும் கூடும். குட்டையாக நிறுத்திவிட்டு "இழுக்கலை" என்று கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

வரிசைக்கு 4 கல், வரிசை உயரம் சாந்தோடு மூன்றரை அங்குலம். 11 அடிக்குச் சுமார் 150 கல். கல்லுக்கு 3 கிலோ என்றால் 450 கிலோ, சாந்து தனி. இந்தப் பாரம் வெறும் தரையில் நிற்காது. ஒன்றரை அடி தோண்டி, ஜல்லி போட்டு இடித்து, 2 அடிச் சதுரத்தில் கட்டுமானம் எழுப்புங்கள். ஆடிக்காற்றில் சாயாமல் இருக்க, ரெண்டு அடிக்கு ஒரு முறை 6 மில்லிமீட்டர் கம்பியால் கிழக்குச் சுவரோடு கோத்துவிடுங்கள். நம் உறுப்பினர்களில் பலர் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். கல் சுமக்கவும் சாந்து குழைக்கவும் மட்டும் உங்களுக்குத் தெரியும் என்று யார் சொன்னது? தூக்குக்குண்டு பிடிக்க ஒருவர் கற்றுக்கொண்டால் இந்தக் கூண்டை நீங்களே எழுப்பலாம். முதல் கூண்டுக்கு மட்டும் ஒரு கொத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு: பி.வி.சி. குழாய் உருகி எரியும், விஷப்புகை வரும். அந்தக் காலத்து அரசு அடுப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய்தான் வைத்தார்கள். அதன் தூள் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. வீட்டில் பழைய துண்டு கிடந்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். நாகமுலாம் பூசின இரும்புக் குழாயைத் தீக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, கடும் சூட்டில் அதன் முலாமும் புகையும். செங்கல்தான் நல்லது.

துடைக்கும் கதவு

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அடுப்பிலிருந்து புகை கூண்டுக்குள் நுழைகிற இடத்துக்குக் கீழே ஒரு அடி ஆழம் வெறும் குழியாக விடுங்கள். மேலிருந்து உதிர்கிற கரி அங்கே விழட்டும், துளையை அடைக்காது. அந்தக் குழிக்கு வெளிப்பக்கம் ஒரு கதவு. கதவு என்றால் இரும்புக் கதவு அல்ல, சாந்து வைக்காமல் சொருகி, மேலே வெறும் களிமண் பூசின ரெண்டு கல். தட்டினால் பூச்சு உதிரும், கல் கையோடு வரும்.

நெஞ்சு உயரத்தில் இதே மாதிரி இன்னொன்று வையுங்கள். பெரும்பாலான கூண்டுகளில் இது இருக்காது, அதனால்தான் மேலே ஏற வேண்டி வருகிறது. துடைக்கிற கருவியைக் கடையில் வாங்க வேண்டாம். தோட்டத்துக்குத் தண்ணீர் போகிற முக்கால் அங்குலக் கறுப்புக் குழாயில் 9 அடித் துண்டு ஒன்று வெட்டுங்கள். ஒரு முனையில் தேங்காய் நாரைத் துளைக்கு நிறையும் அளவு பந்தாகக் கட்டுங்கள், கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். அந்தக் குழாய் வளையும், ஆனால் துவளாது. நெஞ்சு உயரக் கதவு வழியாக நுழைத்து மேலே தள்ளலாம், உச்சி வரைக்கும் எட்டும். பிறகு கீழே தள்ளிக் குழி வரைக்கும் துடைக்கலாம். அடுப்பிலிருந்து வரும் துளையை மறக்காதீர்கள், சீக்கிரம் அடைபடுவது அதுதான்.

எப்போது துடைப்பது? கதவைத் திறந்து உள்சுவரை ஒரு குச்சியால் சுரண்டிப் பாருங்கள். ரெண்டு ஒத்தை ரூபாய் நாணயத்தை அடுக்கின கனம் கரி இருந்தால் அன்றைக்கே துடையுங்கள். தினம் எரிகிற அடுப்பு என்றால் மாதம் ஒரு முறை. தீபாவளி, பொங்கல் ஆர்டருக்கு முன்னால் கட்டாயம். கனமாகப் படிந்த கரி தீப்பிடிக்கும். பிடித்தால் கூண்டுக்குள் உறுமுகிற சத்தம் கேட்கும், உச்சியில் பொறி பறக்கும். அப்போது அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடி, காற்றை அடைத்து, தள்ளி நில்லுங்கள். கூண்டுக்குள் தண்ணீர் ஊற்றினால் கல் வெடிக்கும்.

துடைக்கும்போது அடுப்பு நன்றாக ஆறியிருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள், தலைக்கு ஒரு துண்டு. முடிந்ததும் குளித்துவிடுங்கள். 1775-லேயே லண்டனில் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர், சின்ன வயதில் புகைக்கூண்டு துடைத்தவர்களுக்குப் பின்னால் தோலில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். அந்த ஊரில் சின்னப் பையன்களைக் கூண்டுக்குள்ளேயே ஏறவைத்துத் துடைத்தார்கள். அதை முழுசாக நிறுத்த 1875-இல் வந்த சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். அடுப்புச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கலாம், செடிக்குப் போடலாம். கூண்டுக் கரி அப்படி அல்ல, குழி தோண்டிப் புதையுங்கள்.

குழு அடுப்பாக இருந்தால் இந்த மாதம் யார் முறை என்று தீர்மான நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சேமிப்பும் கடன் தவணையும் எழுதுகிற அதே நோட்டு போதும். எழுதாத வேலை எல்லோருடைய வேலை ஆகி, கடைசியில் யாரும் செய்வதில்லை.

கூரை

ஓலை வேண்டாம். குளுமைதான், செலவும் குறைவுதான், ஆனால் ஒரு பொறி போதும். ஓடு நல்லது. தகரம் என்றால் காற்றில் பிய்த்துக்கொண்டு போகாமல் கொக்கி போல்ட் போட்டு இறுக்குங்கள். தெற்கே 9 அடி உயரம், வடக்கே 7 அடி என்று சாய்வு இருக்கட்டும். கிழக்குப் பக்கம் கூரை சுவரைத் தாண்டி நீளக் கூடாது. மரச் சட்டமோ மூங்கிலோ கூண்டைத் தொடக் கூடாது. குறைந்தது 2 அங்குலம் விட்டு நில்லுங்கள், இன்னும் அதிகம் என்றால் நல்லது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் மேற்கே கையளவு சந்து விடுங்கள், தேங்குகிற சூடு அதன் வழியாகப் போகட்டும். தரையை வெளி மண்ணைவிட ஒரு அடி உயர்த்துங்கள். மழைத் தண்ணீர் அடுப்புக்குள் இறங்கினால் களிமண் பூச்சு கரைந்துவிடும்.

கொட்டகையை நாலு பக்கமும் அடைக்க நினைக்காதீர்கள். குளிருக்காகக் கதவு சாத்திவிட்டு கனல் தணலோடு உள்ளே இருந்தால், வாசனையே இல்லாத நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அதனால்தான் தெற்கைத் திறந்தே வைக்கச் சொல்கிறோம்.

கூண்டின் உச்சியில் மூலைக்கு ரெண்டாக அரைக்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு கடப்பா கல்லைச் சாந்து வைத்துப் பதியுங்கள். நாலு பக்கமும் சந்து இருக்கும், புகை போகும், மழை இறங்காது. கிழக்கே ஓலை வீடு தவிர்க்க முடியாமல் இருந்தால் அந்தச் சந்தில் அரை அங்குலக் கம்பி வலை கட்டலாம். ஆனால் வலையில் கரி சீக்கிரம் அடைக்கும், அதைத் தட்ட மேலே ஏறியாக வேண்டும். ஆகவே முதலிலேயே வேறு இடம் பாருங்கள் என்றுதான் சொல்வோம்.

ஒரு வாளி மணலும், எண்ணெய்ச் சட்டிக்குப் பொருந்துகிற ஒரு மூடியும் தெற்கு வாசலில் எப்போதும் இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடிதான், தண்ணீர் கூடாது. அடுப்படிக்கு நைலக்ஸ் சேலை வேண்டாம், நூல் சேலை கட்டுங்கள்.

முதல் தீ

கட்டி முடித்ததும் ஆசைப்பட்டு அன்றைக்கே பால் காய்ச்சக் கூடாது. ரெண்டு வாரம் நிழலில் காயட்டும். பிறகு முதல் நாள் கால்மணி நேரம் சுள்ளி மட்டும். அடுத்த நாள் அரைமணி. நாலைந்து நாள் இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் உள்ளே இருக்கிற ஈரம் மெதுவாக வெளியேறும். மயிரிழை வெடிப்பு வரும், பயப்பட வேண்டாம், களிமண் கரைசல் பூசுங்கள்.

விறகு காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே தீயில் ஒரு பகுதி செலவாகும். வருகிற புகை கூண்டுக்குள் தாராகப் படியும். கோடையில் பிளந்து அடுக்கி, மழைக்கு மூடி வைத்த விறகுதான் ஐப்பசிக்குக் கைகொடுக்கும்.

காலையில் கூண்டு இழுக்கவில்லையா? நெஞ்சு உயரக் கதவைத் திறந்து, ஒரு காய்ந்த தென்னம்பாளையைக் கொளுத்தி உள்ளே காட்டுங்கள். ரெண்டு நிமிடத்தில் கூண்டு சூடேறும். கதவை மூடி மண் பூசிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். நன்றாக எரியத் தொடங்கியதும் ஒரு ஊதுபத்தியை அடுப்பு வாயின் மேல்விளிம்பில் பிடியுங்கள். பத்திப்புகை உள்ளே போனால் கூண்டு சரியாக வேலை செய்கிறது. உங்கள் முகத்துக்குத் திரும்பினால், முதலில் பின்பக்கத் துளையைப் பாருங்கள், அடுத்து சட்டி விளிம்பைச் சுற்றிப் பூசின மண்ணைப் பாருங்கள், அப்புறம் நார்ப்பந்தை எடுங்கள்.